மண் 50 டிகிரிக்கு இறங்கிவிட்டது என்று எந்த அளவீட்டை வைத்து முடிவு செய்வது?

கொங்குக்காரன் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கோவையில் வேளாண்மை படித்துவிட்டு, இப்போது அமெரிக்காவில் நடு இல்லினாய்ப் பகுதியில் பண்ணைகளுக்கு உர ஆலோசனை வழங்கும் வேலையில் இருக்கிறேன். நான் பார்த்துவரும் நிலங்கள் பெரும்பாலும் டிரம்மர் எனப்படும் கரிய களிமண் வகையைச் சேர்ந்தவை. அடியில் டைல் வடிகால் குழாய்கள் ஓடுகின்றன. சோயா அறுவடை முடிந்த வயல்களில் அடுத்த ஆண்டு மக்காச்சோளம் வரவிருக்கிறது. அதற்கான தழைச்சத்தை நீரற்ற அம்மோனியாவாக (அழுத்தத் தொட்டியில் வரும் அம்மோனியா உரம்), நிலம் உறைவதற்கு முன் இந்த இலையுதிர்காலத்திலேயே மண்ணுக்குள் செலுத்திவிட வேண்டும் என்பது பண்ணையாளரின் விருப்பம்.

நான்கு அங்குல ஆழத்தில் மண் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 10 டிகிரி செல்சியசுக்கு, இறங்கிய பிறகே அம்மோனியா செலுத்த வேண்டும் என்ற பொது விதியை அறிவேன். அந்த 50 எங்கே, எந்த நேரத்தில் அளந்த 50 என்பதில்தான் எனக்குக் குழப்பம். அக்டோபர் கடைசி வாரமான இப்போது, மாநில நீர் ஆய்வு நிறுவனத்தின் மண் வெப்பநிலை அளக்கும் வலைப்பின்னலில் எங்களுக்கு அருகிலுள்ள நிலையம் காலை 10 மணிக்கு 49 காட்டுகிறது. அன்று மாலையே சோயா வயலில் பண்ணையாளர் குத்திப் பார்த்த வெப்பமானி 57 காட்டியது. வாய்க்கால் ஓரமாக மக்காச்சோளத் தட்டை மூடிக் கிடக்கும் துண்டில் அதே நேரத்தில் 53 இருந்தது. அடுத்த வாரம் வெயில் கூடும் என்று முன்னறிவிப்பு சொல்கிறது. பக்கத்துப் பண்ணையில் அம்மோனியாத் தொட்டிகள் ஓடத் தொடங்கிவிட்டன. இந்த எண்களில் எதை நம்புவது? அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்தும் தடுப்பானாக நைட்ராபைரின் சேர்த்தால் சற்று முன்னதாகத் தொடங்கலாம் என்று சிலர் சொல்கிறார்களே, அது சரியா?

மேழி:

வணக்கம் தம்பி. நான் ஐயோவாவில் பயிர் ஆலோசகராக இருப்பவன். அந்த 50 எதற்காக வைத்த எண் என்பதிலிருந்து தொடங்கினால், எந்த அளவீட்டை நம்புவது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

செலுத்திய அம்மோனியா மண்ணின் ஈரத்தோடு சேர்ந்து அம்மோனியமாகிறது. அது நேர்மின்னேற்றம் உடையதாகையால் களிமண் துகள்களிலும் மக்கிலும் ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்கும். பிறகு நைட்ரோசோமோனாஸ் முதலிய நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், வேறு நுண்ணுயிர்கள் அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட் எதிர்மின்னேற்றம் கொண்டது. களிமண் அதைப் பிடித்து வைப்பதில்லை. வசந்தகால மழையில் அது நீரோடு டைல் குழாய்க்குள் இறங்கிவிடும், அல்லது நீர் தேங்கிய கதகதப்பான மண்ணில் வாயுவாகிப் போய்விடும். நவம்பரில் இடும் உரத்தை மக்காச்சோளம் வேகமாக உறிஞ்சத் தொடங்குவது ஜூனில்தான். அதுவரை தழைச்சத்து அம்மோனியமாகவே இருக்க வேண்டும். குளிர்ந்த மண்ணில் அந்த நுண்ணுயிர்களின் வேலை மந்தமாகிறது என்பதுதான் இந்த விதியின் அடிப்படை.

கவனிக்க வேண்டியது, 50இல் அந்த வேலை மந்தமாகிறதே தவிர நின்றுவிடுவதில்லை என்பதை. நிலம் உறைநிலையை நெருங்கும்வரை அது மெல்ல நடந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே இன்று 50ஐத் தொட்டதா என்பதைவிட, இன்றிலிருந்து மண் உறையும் நாள்வரை 50க்கு மேல் எத்தனை நாள் கழியப்போகிறது என்பதே உண்மையான கேள்வி. அக்டோபர் இறுதியில் ஒரு குளிர்காற்று அடித்து 49ஐத் தொட்டுவிட்டு, அடுத்த வாரம் 58க்கு ஏறினால், அந்த 49ஆல் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பிரிவு 50 என்று மட்டும் சொல்வதில்லை. 50க்குக் கீழே இறங்கி மேலும் குளிரும் போக்கில் இருக்க வேண்டும் என்றே சொல்கிறது. பலர் முதல் பாதியை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

நான் பின்பற்றும் முறை எளிதானது. சில நாள்களின் சராசரி 50க்குக் கீழே நிற்க வேண்டும். அதோடு தேசிய வானிலைத் துறையின் காலநிலை முன்கணிப்பு மையம் வெளியிடும் 6 முதல் 10 நாள், 8 முதல் 14 நாள் கண்ணோட்ட வரைபடங்களில் இயல்பைவிட வெப்பம் என்ற நிறம் எங்கள் பகுதிமேல் இருக்கக் கூடாது. இவை இரண்டும் கூடிவருவது நடு ஐயோவாவிலும் நடு இல்லினாயிலும் பெரும்பாலும் நவம்பர் முதல் பாதியில். உங்கள் முன்னறிவிப்பு நீங்கள் சொல்வதுபோல் இருந்தால், நான் காத்திருப்பேன்.

நைட்ராபைரின் பற்றி: அது அம்மோனியத்தை நைட்ரைட்டாக்கும் நுண்ணுயிர்களை அடக்கி வைக்கும், உண்மைதான். ஆனால் அந்த மருந்தும் கதகதப்பான மண்ணில் விரைவாகச் சிதைந்துவிடும். முன்கூட்டிச் செலுத்துவதற்கு அதை அனுமதிச் சீட்டாகக் கொண்டால், மருந்தின் வலிமையை அக்டோபரிலேயே செலவழித்துவிட்டு, அது உண்மையில் தேவைப்படும் ஏப்ரலில் வெறுங்கையோடு நிற்க வேண்டியிருக்கும். இல்லினாயில் தடுப்பான் சேர்த்தால் 60 டிகிரியிலேயே தொடங்கலாம் என்ற பழைய பரிந்துரை ஒன்று உண்டு. உங்கள் காதில் விழுந்தது அதுவாக இருக்கலாம். என் கருத்தில், தடுப்பானையும் சேர்த்து 50க்கும் காத்திருப்பதே டைல் போட்ட நிலத்துக்கு ஏற்றது.

பக்கத்துப் பண்ணையில் தொட்டி ஓடுகிறது என்பதை மண்ணின் வெப்பநிலைக்குச் சான்றாகக் கொள்ள வேண்டாம். கூட்டுறவுக் கிடங்கில் வரிசை நீளுமுன் தொட்டியை எடுத்துவிட வேண்டும் என்ற அவசரம்தான் பல இடங்களில் நாளைத் தீர்மானிக்கிறது.

நிலமகள்:

நான் மண் இயற்பியல் படிக்கிறேன். மூன்று அளவீடுகள் ஏன் முரண்படுகின்றன என்பதை மட்டும் விளக்க முயல்கிறேன். அவை உண்மையில் முரண்படவில்லை என்பதே என் எண்ணம்.

நிலத்தின் மேற்பரப்பு பகலில் சூடேறி இரவில் குளிர்வது ஓர் அலையாக மண்ணுக்குள் இறங்குகிறது. இறங்க இறங்க அலையின் உயரம் குறையும், நேரமும் பின்தங்கும். நடுத்தர ஈரமுள்ள மண்ணில் நான்கு அங்குல ஆழத்துக்கு வருவதற்குள் அந்த ஏற்ற இறக்கம் மேற்பரப்பில் இருந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. உச்சமும் தாழ்வும் நான்கு மணி நேர அளவில் தாமதமாகின்றன. விடியற்காலையில் மேற்பரப்பு அடையும் மிகக் குறைந்த வெப்பநிலை, நான்கு அங்குலத்தில் முற்பகலில்தான் தெரியும். நண்பகல் கடந்த உச்சம் மாலை ஐந்து மணியளவில் வந்து சேரும். ஆகவே காலை 10 மணி அளவீடு அன்றைய தாழ்வுக்கு அருகில் எடுத்தது. பண்ணையாளரின் மாலை அளவீடு அன்றைய உச்சத்துக்கு அருகில் எடுத்தது. ஒரே வயலில் ஒரே நாளில் 49உம் 57உம் இருப்பதில் வியப்பில்லை. நாள் முழுவதற்குமான சராசரி அவ்விரண்டுக்கும் இடையில், 53ஐ ஒட்டி இருக்கும். நுண்ணுயிர்கள் வாழ்வது அந்தச் சராசரியில்தானே தவிர, காலை 10 மணியில் அல்ல.

அடுத்தது மூடாக்கு. இல்லினாய் வலைப்பின்னல் வெறும் மண்ணிலும் புல்தரையிலும் தனித்தனியே அளக்கிறது. அதன் வரைபடத்தைப் பார்க்கும்போது எந்த அளவீடு என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சோயா அறுத்த வயலில் சருகு குறைவு, கரிய மண் வெயிலை நேரடியாகக் குடிக்கிறது. பகலில் வேகமாக ஏறும், தெளிந்த இரவில் வேகமாக இறங்கும். மக்காச்சோளத் தட்டை மூடிய நிலத்தில் இரண்டும் மட்டுப்படும். உங்கள் 57க்கும் 53க்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி அதுவே. வாய்க்கால் ஓரத்து ஈரமும் ஒரு காரணமாகலாம். நீரின் வெப்பக்கொள்ளளவு அதிகம். ஈர மண் மெல்ல ஏறும், மெல்ல இறங்கும். பள்ளமான கரிய திட்டுகள் நவம்பரில் மேட்டைவிடப் பிந்திக் குளிர்வதும் இதனால்தான். வசந்தத்தில் நீர் தேங்கித் தழைச்சத்து வாயுவாகப் போவதும் அதே பள்ளங்களில்தான் என்பதால், ஓரிடத்தில் மட்டும் அளக்க முடியுமானால் மேட்டை விட்டுவிட்டுப் பள்ளத்தில் அளப்பேன்.

மேழி ஐயா குறிப்பிடாத ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். விதி நான்கு அங்குலத்தைப் பேசுகிறது. கொழு அம்மோனியாவை இறக்குவதோ ஆறு முதல் எட்டு அங்குலத்தில். கோடையில் சேர்ந்த வெப்பம் இலையுதிர்காலத்தில் அடிமண்ணிலிருந்து மேல்நோக்கி வெளியேறிக்கொண்டிருப்பதால், நாள் சராசரியை எடுத்தால் எட்டு அங்குலம் நான்கு அங்குலத்தைவிடச் சற்று வெதுவெதுப்பாகவே இருக்கும். நான்கில் 50 என்பது அம்மோனியா போய்ச் சேரும் இடத்தில் 50 ஆகாது. ஓர் ஆறுதல் உண்டு: உரம் இறங்கிய கோட்டை ஒட்டிய மண் பட்டைக்குள் அம்மோனியாவின் செறிவும் காரத்தன்மையும் முதல் சில வாரங்களுக்கு அந்த நுண்ணுயிர்களையே முடக்கி வைக்கும். யூரியாவைவிட நீரற்ற அம்மோனியா இலையுதிர்காலத்துக்கு ஏற்றதாகக் கருதப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி கருவி. பண்ணையாளர் பயன்படுத்தியது வட்ட முகமுள்ள, நீண்ட தண்டுடைய வெப்பமானி என்றால், அதன் உணரும் பகுதி நுனியில் மட்டும் இல்லை. தண்டின் கீழ்ப்பகுதியில் இரண்டு மூன்று அங்குல நீளத்துக்கு அது பரவியிருக்கிறது. நுனியை நான்கு அங்குலத்தில் நிறுத்தினால், அது காட்டுவது இரண்டு முதல் நான்கு அங்குலம் வரையிலான சராசரியை. மாலை வேளையில் அது உண்மையைவிடக் கூடுதலாகவே இருக்கும். நுனியில் உணரி வைத்த டிஜிட்டல் வகைக்கு இந்தக் குறை இல்லை. எந்த வகையானாலும் பருவத் தொடக்கத்தில் ஒரு குவளையில் பனிக்கட்டியை நொறுக்கி, சிறிது நீர் விட்டுக் கலக்கி, அதில் முக்கி 32 டிகிரி காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தண்டில் நான்கு அங்குலத்தில் ஒரு நாடாவை ஒட்டிக்கொண்டால் ஒவ்வொரு முறையும் ஒரே ஆழம் கிடைக்கும். குத்திய பின் முள் நகராமல் நிற்கும்வரை பொறுத்து, முகத்தின்மேல் நிழல் விழச் செய்து படிக்கவும். டிராக்டர் திரும்பித் திரும்பி இறுகிப்போன வரப்போரத்தில் அளக்க வேண்டாம். காலை ஒன்று, மாலை ஒன்று என இரண்டு அளவீடுகளின் சராசரி உங்கள் தேவைக்குப் போதும்.

டெமாயின்வாசி:

இத்தனை நுணுக்கமும் இலையுதிர்காலத்தில் தழைச்சத்து இட்டே தீர வேண்டும் என்ற எடுகோளில் நிற்கிறது. நான் ஐயோவாவின் தலைநகரான டெமாயினில் வசிக்கிறேன். விவசாயி அல்லன், குழாயைத் திறந்து நீர் பிடிப்பவன். எங்கள் குடிநீர் ரக்கூன், டெமாயின் ஆறுகளிலிருந்து வருகிறது. குடிநீரில் நைட்ரேட் நைட்ரஜன் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது நாட்டின் சட்டம். அதைக் கடைப்பிடிக்க நகரத்தின் நீர் வழங்கல் அமைப்பு 1990களின் தொடக்கத்திலிருந்தே நைட்ரேட்டை அகற்றும் ஆலையை வைத்திருக்கிறது. 2015இல் ஆற்றின் மேற்பகுதியில் உள்ள மூன்று கவுண்டிகளின் (மாவட்டங்களின்) வடிகால் வட்டங்கள்மீது, அதாவது வயல் வடிகால்களை நிர்வகிக்கும் அமைப்புகள்மீது, அவ்வமைப்பு வழக்குத் தொடுத்தது. 2017இல் அது தள்ளுபடியானது. 2025 ஜூனில் நைட்ரேட் மிக உயர்ந்து, ஆலையால் ஈடுகொடுக்க முடியாமல், நடு ஐயோவாவில் புல்வெளிகளுக்கு நீர் பாய்ச்சவே தடை விதித்தார்கள். மினசோட்டாவில் 2020 முதல் மணற்பாங்கான நிலங்கள், சுண்ணாம்புப் பாறைப் பகுதிகள் போன்ற நிலத்தடி நீர் எளிதில் மாசுபடும் இடங்களில் இலையுதிர்காலத் தழைச்சத்து உரத்துக்குச் சட்டப்படியே கட்டுப்பாடு இருக்கிறது. வெப்பமானியைச் சரிபார்ப்பதைவிட, பயிர் முளைத்த பிறகு வரிசைகளுக்கு இடையில் உரம் இடுவது நேர்மையான வழி என்று தோன்றுகிறது.

மேழி:

உங்கள் கவலையை மறுக்கவில்லை, நண்பரே. ஆயினும் ஆற்று நீரில் ஏறும் நைட்ரேட் முழுவதையும் இலையுதிர்காலத் தொட்டியின் கணக்கில் எழுதுவது சரியாகாது. 2012 வறட்சியில் பயிர் உறிஞ்சாமல் விட்டதும், மக்கிலிருந்து மண்ணே விடுவித்ததும் சேர்ந்துதான், 2013 வசந்தத்தின் மழையில் உங்கள் ஆறுகளில் நைட்ரேட் அந்த அளவுக்கு ஏறியது. வெப்பநிலை பார்த்து இட்டவரின் வயலிலிருந்தும் அவ்வாண்டு அது வடிந்தது.

வசந்தத்துக்குத் தள்ளிவைப்பதிலும் இடர் உண்டு. 2019ஐ எண்ணிப் பாருங்கள்: மழை விடாமல் பெய்து, விதைப்பே ஜூனுக்குத் தள்ளிப்போன பண்ணைகள் இல்லினாயில் ஏராளம். ஈரக் களிமண்ணில் கனத்த தொட்டியை இழுத்து மண்ணை இறுக்கிக்கொண்டதும் அவ்வசந்தத்தில் நடந்தது. முழுத் தேவையையும் இலையுதிர்காலத்தில் இடாமல், ஒரு பகுதியை இப்போதும் மீதியைப் பயிர் வந்த பிறகும் இடுவதற்குப் பண்ணையாளர்களை இணங்கச் செய்ய முடிகிறது. முற்றிலும் கைவிடச் சொன்னால் கேட்பவர் குறைவு. இல்லினாயில் ஏறத்தாழ 16ஆம் எண் மாநிலச் சாலைக்குத் தெற்கே இலையுதிர்காலத் தழைச்சத்தே வேண்டாம் என்ற பரிந்துரை இருக்கிறது, ஏனென்றால் அங்கே குளிர்காலம் மண்ணை நிலையாகக் குளிர்த்து வைப்பதில்லை. தம்பி, உங்கள் வயல்கள் அந்தக் கோட்டுக்கு அருகில் இருந்தால் டெமாயின்வாசி சொல்வதே உங்களுக்கும் பொருந்தும்.

கொங்குக்காரன்:

மூவருக்கும் மிக்க நன்றி. எங்கள் வயல்கள் அந்தச் சாலைக்கு வெகு வடக்கே உள்ளன. பண்ணையாளரிடம் காலை, மாலை அளவீடுகளின் சராசரியையும் அடுத்த வாரக் கண்ணோட்டத்தையும் ஒரே தாளில் எழுதிக் காட்டினேன். நவம்பர் இரண்டாம் வாரம்வரை பொறுப்பதற்கும், தேவையில் ஒரு பகுதியை ஜூனுக்கு ஒதுக்குவதற்கும் ஒப்புக்கொண்டார். இன்னும் இரண்டு ஐயங்கள். அதற்குள் மழை வந்து மண் ஈரமானால் வெப்பநிலை சரியாக இருந்தும் செலுத்த முடியாமல் போகுமா? காத்திருக்கும் நாள்களில், அடுத்த ஆண்டு சோயா வரவிருக்கும் மக்காச்சோளத் தாள் வயல்களில் மூடுபயிராக ரை விதைக்கலாம் என்று எண்ணுகிறேன்; இந்தக் குளிரில் அது முளைக்குமா?

மேழி:

ஈரம் வெப்பநிலைக்கு இணையான நிபந்தனை. மண் அதிக ஈரமாக இருந்தால் கொழு கிழித்த பிளவின் பக்கங்கள் மெழுகிவிடும், மேலே மூடாது. அம்மோனியா அந்தப் பிளவு வழியாகவே ஏறி வெளியேறும். மிக வறண்டு கட்டி கட்டியாக இருந்தாலும் கட்டிகளின் இடைவெளியில் கசியும். அரை வயல் ஓட்டும்வரை காத்திராமல், ஒரு சால் ஓட்டிய உடனே காற்று வீசி வரும் பக்கத்தில் நின்றபடி பிளவு மூடியிருக்கிறதா என்று பாருங்கள். சாலிலிருந்து வெண்புகை கிளம்பினாலோ, ஓட்டி முடித்த பிறகும் நெடி மூக்கைத் துளைத்தாலோ நிறுத்திவிட்டு, ஆழத்தைக் கூட்டுங்கள் அல்லது பதம் வரும்வரை பொறுங்கள். நீரற்ற அம்மோனியா கண்ணிலோ தோலிலோ பட்டால் அங்குள்ள நீரையே தேடிச் சென்று பொசுக்கிவிடும். கண்ணாடியும் கையுறையும் அணியாமலும், உடலில் பட்டால் கழுவத் தொட்டியோடு வைத்திருக்கும் ஐந்து கேலன் நன்னீர் நிரம்பியிருக்கிறதா என்று பார்க்காமலும் குழாயை இணைக்க யாரையும் விட வேண்டாம்.

நிலமகள்:

ரை பற்றி: தானியங்களில் குளிரை மிக நன்றாகத் தாங்குவது அது. உறைநிலைக்குச் சற்று மேலே, 34 டிகிரி ஃபாரன்ஹீட் அளவிலும் முளைக்கும். 38ஐத் தாண்டினால் மெல்ல வளரும். ஆனால் நவம்பரில் விதைத்தால் குளிர்காலத்துக்கு முன் மண்ணுக்கு மேலே எதுவும் தெரியாமல் போகலாம், வசந்தத்தில்தான் தழைக்கும். தூவிவிடுவதைவிட விதைப்புக் கருவியால் ஓர் அங்குல ஆழத்தில் இறக்குங்கள். ஓட்ஸ், முள்ளங்கி வகைகளுக்கு இப்போது காலம் கடந்துவிட்டது. அவற்றின் விதைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.